தறிக்கு அந்தப் பக்கம்

ஜூன் 9, திங்கள்

ரெஜினா டீச்சர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு டைரி எழுத நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. நூல்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது, அரிசி டப்பா மேல் ஐந்து மாதமாகப் பஞ்சு பிடித்துக் கிடந்தது. இன்றுதான் தட்டித் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது இது. முட்டை வெந்ததா வேகவில்லையா என்று ஹெட்மாஸ்டருக்கும் சத்துணவு அம்மாவுக்கும் வாய்த் தகராறு. பெரியவர்கள் தகராறு, அவர்களோடு போக வேண்டியது. என் மகன் லோகித், வயது ஏழு, இரண்டாம் வகுப்பு, வரிசையிலிருந்து எழுந்து போய்ச் சாம்பார் வாளியை ஓர் உதை உதைத்திருக்கிறான். ஹெட்மாஸ்டர் வேட்டியெல்லாம் சாம்பார். நல்லவேளை, ஆறின சாம்பார்.

இன்று என்னை வரச் சொன்னார்கள். ஹெட்மாஸ்டர் ஒரு மூச்சு பேசி முடித்ததும் ரெஜினா டீச்சர் தனியாகக் கூட்டிப் போனார். வாரம் ஒரு நாள் வந்து இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிறவராம். 'இப்படிப்பட்ட' என்பது ஹெட்மாஸ்டர் சொன்னது. டீச்சர் அப்படிச் சொல்லவில்லை.

"வீட்டுலயும் இந்த மாதிரி செய்வானா?" என்று கேட்டார்.

"செய்வானாவா? பாவையே அறுத்துப் போடறானுங்க டீச்சர்."

டீச்சருக்கு நாகர்கோவில் பக்கம். விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. எங்களுக்கு வீட்டோடு ஒட்டி நாலு விசைத்தறி. நானும் என் வீட்டுக்காரரும்தான் ஓட்டுகிறோம். தறியில் நீளவாக்கில் போகிற நூல்தான் பாவு. அதில் ஒரு கை அகலம் பிளேடு போட்டால் போதும், அந்தத் தறி படுத்துவிடும். அறுந்த ஒவ்வொரு இழைக்கும் முடிச்சுப் போட்டுக் கோத்து எடுக்க அரை நாள் ஆகும். அதுவும் ஒற்றை ஆளால் ஆகாது. தறிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து இழையை எடுத்துக் கொடுக்க, முன்னால் ஒருவர் உட்கார்ந்து கொக்கியை விட்டு இழுக்க வேண்டும்.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "ஒவ்வொரு தடவையும் மூணே விஷயம் எழுதுங்கம்மா. அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு, அவன் என்ன செஞ்சான், அதுக்குப் பின்னால என்ன நடந்துச்சு. பிள்ளைங்க காரணமில்லாம எதையும் செய்ய மாட்டாங்க."

காரணமாம். கொழுப்பு என்று ஒரு காரணம் இருப்பது டீச்சருக்குத் தெரியாது போல.

ஜூன் 10, செவ்வாய்

நாலு தறியும் ஓடின. பையன் ஒழுங்காக இருந்தான். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 12, வியாழன்

வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. சோளப்பொரி தின்கிற வயிற்றுவலி.

தறி ஓடும்போது எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது. கத்தினாலும் காதில் விழாது. எல்லாம் கை ஜாடைதான். கரண்ட் போனால்தான் காது திறக்கும், கூடவே வாயும். இன்று பத்தரைக்குக் கரண்ட் போனது.

முன்னால்: ஒன்றும் நடக்கவில்லை. அவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். நான் ஏதோ கேட்டேன், அவர் ஏதோ சொன்னார். சொம்பு கீழே விழுந்து நசுங்கியது. அதற்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை.

அவன் செய்தது: சமையலறை ஓரமாக இருக்கிற தறியில் பாவை அறுத்தான். அவர் முகம் மழிக்கிற பிளேடு.

பின்னால்: அவர் முதுகில் இரண்டு வைத்தார். என் பங்குக்கு நான் ஒன்று. அப்புறம் என்ன, அடித்து முடித்தால் நூல் தானாக ஒட்டிக்கொள்ளுமா? அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து இழை கோத்தோம். சோறு வடிக்கவில்லை. கடையில் பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தோம். சாயங்காலம் ஆகிவிட்டது.

அடி வாங்கின கழுதை எங்கே என்று பார்த்தால் தறிக்கு அடியில், பாவுக்குக் கீழே படுத்துத் தூங்குகிறது. அழுத முகமே இல்லை. எனக்கு இடுப்பு ஒடிகிறது, இவனுக்குத் தூக்கம் வருகிறது.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. எனக்கு இல்லை. ஒரு வாரத் துணி, ஒரு வாரப் பஞ்சு. ஒட்டடைக் குச்சியைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழன்றுவிட்டது.

முன்னால்: ஒன்றுமில்லை. காலையில் வாசலில் சின்னப் பேச்சு, அவ்வளவுதான்.

அவன் செய்தது: டிவி ரிமோட்டை இட்லி மாவுக்குள் முக்கினான்.

பின்னால்: நானும் அவரும் பேச்சை விட்டுவிட்டு அவனைத் துரத்திக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினோம். பார்த்தவர்களுக்கு நல்ல வேடிக்கை.

பத்து மணிக்கு நங்கையா வந்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா கோமளா, ராசிபுரம். வரும்போதே கறி எடுத்துக்கொண்டு வந்தார், யோசனையையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏன் சுகுணா, ஒத்தப் புள்ளைய வளர்க்க உனக்கு ஆவலையா? எங்க பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல் இருக்குது. அங்க கொண்டாந்து உடுங்க. நூல் புடிச்ச மாதிரி நேராயிருவான்."

"ஏழு வயசுதானுங்க நங்கையா ஆவுது."

"எங்க எதுத்த வீட்டுப் பையன் அஞ்சு வயசுல போனான். இப்ப இங்கிலீஷு என்ன, மருவாதி என்ன! நம்ம பையன் பாவ அறுக்கறான். பாவ அறுக்கற கை நாளைக்கு எத அறுக்குமோ, ஆரு கண்டா?"

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள சேர்த்தோணும் சென்னியப்பா. ஆடியில புதுசா எதும் ஆவாது" என்றார் நங்கையா. அவர் "பாக்கலாங்கா" என்றார்.

பாக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் சரி என்று அர்த்தம்.

ஜூன் 18, புதன்

பக்கத்து வீட்டு மயிலாத்தக்கா சொன்னதன் பேரில் கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கி வந்தேன். கையை நீட்டுடா என்றால் நீட்டமாட்டேன் என்கிறான். "அப்பா ஒரு பக்கம் புடிக்கோணும், நீ ஒரு பக்கம் கட்டோணும். அப்பத்தான் கட்டிக்குவேன்" என்கிறான். கயிற்றில் என்னடா பக்கம்! கடைசியில் அவர் வந்து ஒரு நுனியைப் பிடித்தார், நான் முடிச்சுப் போட்டேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு திரிந்தான். மந்திரத்துக்குப் பலன் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது.

ஜூன் 23, திங்கள்

மந்திரத்துக்குப் பலனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் அறுத்தான்.

டீச்சரிடம் டைரியைக் காட்டினேன். படித்துவிட்டு, "எல்லா இடத்துலயும் முன்னால ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கீங்க" என்றார்.

"ஒண்ணுமில்லீங்களே டீச்சர். அதைத்தானுங்க எழுதோணும்?"

"எழுதுங்க. ஆனா அந்த ஒண்ணுமில்ல எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் எழுதுங்க."

வீடு வரை எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கல்யாணமே ஆகாத பெண் வந்து என் வீட்டைப் பற்றி என்னிடம் கேட்கிறாள். எனக்கு வேறு வேலையா இல்லை, நூல் வண்டி வந்துவிட்டது, இறக்க ஆளில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது. இதில் ஒன்றுமில்லை எப்படி இருந்தது என்று வேறு எழுத வேண்டுமாம்.

ஜூன் 24, செவ்வாய்

சரி. எழுதித் தொலைக்கிறேன்.

போன புரட்டாசியில் எங்கப்பா செத்துப்போனார். லோகித்துக்கு அப்புச்சி. அப்பா ஊர் தூரமில்லை. இந்தக் குமாரபாளையத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி. விடிகாலையில் போன் வந்தது. "நீ பையனக் கூட்டிட்டு முன்னால போ. நானு தறிய நிறுத்திப்போட்டு வர்றேன்" என்றார் அவர்.

வந்தார். சாயங்காலம் வந்தார். எல்லாம் முடிந்து, வாசல் கழுவி, ஊர் கலைந்த பிறகு வந்தார். மருமகன் நின்று செய்ய வேண்டியதை என் சித்தப்பா மருமகன் நின்று செய்தான். ஒவ்வொருத்தியும் "மாப்பிள்ளை எங்க, மாப்பிள்ளை எங்க" என்று கேட்டதற்கு நான் வந்துட்டிருக்காரு, வந்துட்டிருக்காரு என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோனேன்.

திரும்பி வந்தபோது மயிலாத்தக்கா சொன்னாள், எங்கள் வீட்டில் அன்று பூராவும் தறி ஓடியதாம். எதிர்வீட்டில் எழவு விழுந்தாலே தறியை நிறுத்துகிற தெரு இது. எங்கப்பன் செத்த அன்று என் வீட்டுத் தறி ஓடியிருக்கிறது.

அதற்கு முந்தின தீபாவளிக்கு அப்பாவும் அவரும் வார்த்தை தடித்துப் பிரிந்தது உண்மைதான். அப்பா சொன்னதும் சரியில்லை. அதற்காகச் சாவுக்கு வராமல் இருப்பார்களா?

தறி ஓடும்போது இதைக் கேட்க முடியாது. தறி நிற்கும்போதெல்லாம் கேட்கிறேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். சத்தம் நின்றதும் நெஞ்சுக்குள் இருந்து அது தானாக வந்துவிடுகிறது. அவர் பதில் சொல்வதில்லை. கையில் இருப்பதை வீசுகிறார். சொம்பு தானாக விழவில்லை.

எனக்கு அவரை மன்னிக்க வரவில்லை. இதுதான் டீச்சர் அந்த ஒன்றுமில்லை. இதற்கும் பையன் பாவை அறுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஜூன் 28, சனி

முன்னால்: அதேதான். கரண்ட் போனது. நான் கேட்டேன். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். வார்த்தை கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது, இரண்டு பேருக்கும்.

அவன் செய்தது: ஜன்னலோரத் தறி. இந்தத் தடவை இரண்டு கை அகலம்.

பின்னால்: அவர் பெல்ட்டை எடுத்துவிட்டார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். ஒன்று அவன் தொடையில் பட்டுவிட்டது, ஒன்று என் முழங்கையில். அப்புறம் அவரே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து பையனுக்குத் தடவினார். பாவமாகவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது.

உட்கார்ந்தோம். முதலில் பேச்சே இல்லை. ஆனால் இந்த வேலையில் பேசாமல் இருக்க முடியாது. "புடி", "உடு", "அடுத்தது", "அதில்ல, அதுக்கு இந்தாண்ட" என்று ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவர் மூக்கு மேல் ஒரு கொசு உட்கார்ந்தது. அவருக்கு இரண்டு கையிலும் இழை. மூக்கை இப்படி நெளிக்கிறார், அப்படி நெளிக்கிறார். நான் இழைகளுக்கு நடுவே குனிந்து ஊதினேன். கொசு போகவில்லை. "நல்லா ஊதறா பாரு, அடுப்பு ஊதற மாதிரி" என்று சிரித்துவிட்டார். நானும் சிரித்துத் தொலைத்தேன். எத்தனை மாதம் ஆயிற்று என்று தெரியவில்லை.

தறிக்கு அடியிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது.

"செய்யறதையும் செஞ்சுபோட்டு உனக்குச் சிரிப்பு வேறயா?" என்று காலால் தட்டினேன். அவன் என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவே இல்லை.

ஜூலை 2, புதன்

உடம்பு முடியவில்லை. ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூலை 5, சனி

அவர் இப்போது என்னிடம் நேராகப் பேசுவதே இல்லை. "லோகித்து, உங்கம்மாகிட்ட டீ கேளு." நானும் விடுவேனா? "லோகித்து, உங்கப்பன் வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேளு." பையன் இரண்டு பக்கமும் ஓடி ஓடிச் சொல்கிறான். நான் சொல்வதை அப்படியே சொல்வதில்லை. நான் கொழுக்கட்டை என்றது அவரிடம் போகும்போது, "அம்மா டீ வெக்கிறாங்களாம்" என்று ஆகிவிட்டது. பொய் சொல்லவும் கற்றுக்கொண்டான்.

நங்கையா போன் செய்தார். ஹாஸ்டலில் இடம் இருக்கிறதாம். பதினாறாம் தேதி புதன்கிழமை ஆனி கடைசி, அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் சாயங்காலம் போய் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வந்து, பெயிண்டால் பையன் பேரை எழுதினார். 'லோ' பெரிதாகவும் 'த்' சின்னதாகவும் வந்துவிட்டது. இடம் போதவில்லை.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பெட்டியைப் பார்த்தபோது ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. இனி பாவு அறாது, பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வராது, ஒரு வேளையாவது படுத்துத் தூங்கலாம் என்று தோன்றியது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தேன்.

ஜூலை 9, புதன்

எண்ணெய் தேய்த்துவிட்டபோது கேட்டான். "ம்மா, அந்த ஸ்கூல்ல லீவு எப்பம்மா உடுவாங்க?"

"தீவாளிக்கு."

கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தான். "தீவாளி வரைக்கும் இங்க பாவ ஆரும்மா அறுப்பாங்க?"

"ஏன்டா, பாவ அறுக்கறதுக்கு ஆள் போட்டுத்தான் வெக்கோணுமாக்கும்! நீ போனா இங்க ஒருத்தரும் அறுக்க மாட்டாங்க. நிம்மதியா இருப்போம்."

சீயக்காய் கண்ணில் பட்டதென்று அழுதான். நான் இன்னும் சீயக்காயைக் கரைக்கவே இல்லை.

ஜூலை 12, சனி

டீச்சருக்குப் போனில் சொன்னேன், இனிமேல் எழுத வேண்டியதில்லை, ஹாஸ்டலுக்குப் போகிறான் என்று. "அவன் என்ன கேக்கறான்னு நாம இன்னும் கேக்கவே இல்லியேம்மா" என்றார்.

கேட்டால்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறானே. திறந்தாலும் பாவை ஆர் அறுப்பாங்க என்று கேட்கிறான்.

ஜூலை 15, செவ்வாய்

கை நோகிறது, ஆனாலும் இன்று நடந்ததை எழுதாமல் படுக்க முடியாது.

பள்ளிக்கூடத்துக்குத்தான் இனிப் போக வேண்டியதில்லையே என்று அவனை வீட்டிலேயே வைத்திருந்தேன். காலையில் துணிமணியை டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன். பதினொன்றுக்குக் கரண்ட் போனது. நாலு தறியும் ஓய்ந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். வந்துவிட்டது.

"நாளைக்காவது தறிய நிறுத்துவீங்களா? பெத்த புள்ளையக் கொண்டுபோய் உடோணுமே. இல்ல, அன்னைக்கு மாதிரி நாளைக்கும் ஓட்டோணுமா?"

எண்ணெய்க் குப்பியைச் சுவர் மேல் எறிந்தார். அது உருண்டு வாசல் வரைக்கும் போனது. அவர் வெளிப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் சமையலறைக்குள் போய்க் கத்திரிக்காயை எடுத்துக்கொண்டேன். வீடு அப்படியே அமைதியாக இருந்தது. வழக்கமாக இந்த நேரத்துக்கு அவன் ஏதாவது செய்திருப்பானே என்று நிலைப்படிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தேன்.

ஜன்னலோரத் தறிக்குப் பின்னால் அவர் உட்காருகிற முக்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டான். அது ஆடியது. மடித்த அட்டையை ஒரு காலுக்கு அடியில் வைத்து ஆடாமல் செய்தான். அப்புறம் முன்பக்கம் வந்து என் பலகையைப் போட்டான். தன் சட்டையாலேயே அதைத் துடைத்தான். சுவரில் மாட்டியிருந்த கொக்கியை எக்கி எடுத்துப் பலகை மேல் வைத்தான். முடிச்சுப் போட வேண்டிய துண்டு நூலைக் கத்தையாக எடுத்து முக்காலி மேல் வைத்தான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பின்னால் நின்று பார்த்தான். அதற்குப் பிறகுதான் பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்தான்.

பாவு இன்னும் அறவில்லை. ஓர் இழைகூட அறவில்லை. அறுந்த பிறகு நாங்கள் செய்கிற வேலைக்கு, அறுப்பதற்கு முன்னாலேயே எங்களுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறான்.

நான் நிலைப்படியிலேயே நின்றேன். அப்பா செத்ததிலிருந்து நானும் அவரும் வேறு எங்கே ஒன்றாக உட்கார்ந்தோம்? சாப்பிட உட்கார்ந்தோமா, கோயிலுக்குப் போனோமா? அறுந்த பாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அப்போது மட்டும்தான் சொம்பு பறக்கவில்லை. அப்போது மட்டும்தான் 'புடி', 'உடு' என்றாவது பேசினோம். இந்தச் சின்ன உயிர் அதைக் கண்டுபிடித்து, அடி விழும் என்று தெரிந்தே ஒவ்வொரு தடவையும் அறுத்திருக்கிறது. எனக்குப் படிப்பு பிளஸ் டூ. ஒரு மாதமாகக் கையால் எழுதியும் எனக்குப் புரியவில்லை.

என்னைப் பார்த்துவிட்டான். ஓடவில்லை. அடிக்கத் தோதாக முதுகைத் திருப்பிக் குனிந்து நின்றான்.

கிட்டப் போய் அவன் கையிலிருந்து பிளேடை வாங்கினேன். "அம்மா" என்றான். "தள்ளி நில்லு சாமி, கையில பட்டுரும்" என்றேன். ஒரு கை அகலத்துக்கு நானே அறுத்தேன். எனக்குக் கல்யாணமான நாளாக ஓர் இழை அறுந்தாலே மனசு பதறுகிறவள் நான்.

"ஏனுங்க! இங்க வாங்க!" என்று கூப்பிட்டேன். பல நாள் கழித்து நேராகக் கூப்பிட்டதில் அவரே மிரண்டுபோய் ஓடி வந்தார். பாவைப் பார்த்தார், கை ஓங்கிவிட்டது.

"நாளைக்குப் போறவன் இன்னைக்கும் அறுத்துப்போட்டானா!"

"அவனில்ல. நானு."

"என்னது?"

"நாந்தான் அறுத்தேன். உக்காருங்க. இழை எடுத்துக் குடுங்க."

"உனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?"

"ஆமாங்க. உக்காருங்க."

அவர் முக்காலியைப் பார்த்தார். அதற்கு அடியில் வைத்திருந்த அட்டையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். அப்புறம் பையனைப் பார்த்தார். இவர் கோபக்காரர்தான், முட்டாள் இல்லை. ஓங்கின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். பிறகு தறிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

நூறு இழை போயிருக்கும். குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

"அன்னைக்கு ஓட்டுனது பூராமே டேமேஜு."

எந்த அன்னைக்கு என்று நான் கேட்கவில்லை.

"தறிய நிறுத்தப் போவேன். நிறுத்துனா சத்தம் நின்னுரும். சத்தம் நின்னா அழுதுருவேன்னு கைய எடுத்துக்குவேன். உங்கப்பன்கூட மூஞ்சியக் காட்டிட்டு வந்தவன். சமாதானம் சொல்லலாம், தை பொறக்கட்டும், மாசி பொறக்கட்டும்னு தள்ளிப் போட்டவன். கடைசில எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வாசல்ல வந்து நிப்பேன் சுகுணா? ஓட்டை எது, இழை எதுன்னு தெரியாம ஓட்டிட்டு இருந்தேன். நூல் குடுக்கற மொதலாளி அந்தத் துணிய எடுக்கல. பரண் மேல கெடக்குது. வேணும்னா எறக்கிப் பாரு."

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அது இன்னும் வரவில்லை. ஆனால் அழுதேன். "கொஞ்சம் பொறுங்க, கொக்கி கண்ணுக்குத் தெரியல" என்றேன். இழையைப் பிடித்தபடி பொறுத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் கரண்ட் வந்தது. மற்ற மூன்று தறியும் ஓடத் தயாராக நின்றன. அவர் தலையைத் திருப்பி சுவிட்சைப் பார்த்தார். எழுந்து போகவில்லை. "அடுத்தது" என்றார்.

பையன் இன்று பாவுக்கு அடியில் போய்ப் படுக்கவில்லை. பக்கத்திலேயே நின்று அவர் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நானு வெளையாடப் போவட்டுமா?" என்று கேட்டான். இந்தக் கேள்வியைக் கேட்டே வெகுநாள் ஆகிறது. "போ கண்ணு" என்றார் அவர்.

டீச்சருக்காக:

முன்னால்: கரண்ட் போனது. ஒன்றுமில்லை என்று எழுத மாட்டேன். எங்கப்பா சாவைப் பற்றிக் கேட்டேன்.

செய்தது: நான் பாவை அறுத்தேன்.

பின்னால்: அவர் வந்து உட்கார்ந்தார்.

ஜூலை 16, புதன்

காலையில் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார். செருப்பைப் போட்டவர், கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அந்தத் தறியில இன்னும் மிச்சம் கெடக்குதே" என்றார்.

"கெடக்குதுங்க."

"அத உட்டுப்போட்டு எப்படிப் போறது?"

வெள்ளைச் சட்டையோடு போய் முக்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மத்தியானத்துக்குள் முடித்திருக்கலாம். சாயங்காலம் வரை முடிக்கவில்லை, இரண்டு பேரும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. நங்கையா போனில் காய்ச்சி எடுத்தார். "ஆடியில புதுசா எதும் ஆவாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றேன். டிரங்குப் பெட்டியில் இப்போது நூல் சுற்றுகிற பழைய தார்க் குச்சிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

பையன் பள்ளிக்கூடம் போய் வந்தான். நாலரைக்குக் கரண்ட் போனது. தறிகள் நின்றன. என் நெஞ்சுக்குள் அது எழுந்து வந்தது, வராது என்று நான் நினைக்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்ற இடத்தில் நின்றோம். பிறகு அவர் முக்காலியை எடுத்து ஜன்னலோரத் தறிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். பாவு ஒன்றும் அறுந்திருக்கவில்லை. நான் டீ வைத்து எடுத்துக்கொண்டு போய் இந்தப் பக்கம் பலகையில் உட்கார்ந்தேன். "அப்பா என்ன சொன்னாரு அந்தத் தீவாளிக்கு, முழுசாச் சொல்லுங்க" என்றேன். சொல்ல ஆரம்பித்தார்.

லோகித் புத்தகப் பையோடு வாசலில் நின்று பார்த்தான். பையை வைத்துவிட்டு விளையாட ஓடினான். பாதியில் திரும்பி ஓடி வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் போனான்.